வாழையடி வாழை மட்டும் போதாது

கடையில் வாங்கும் ஜி-9 வாழைப்பழத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். நடுவில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். விதையாகாமலே நின்றுபோனவை அவை. மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பாதிப் பாதியாகப் பிரிய வேண்டும். பள்ளியில் படித்த குன்றல் பகுப்பு இதுதான். ஒவ்வொரு விதையும் புதிய கலவையாக அமைவதற்கு இதுவே காரணம். ஜி-9 அடங்கிய கேவண்டிஷ் வகையிலோ, பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி குரோமோசோம்கள். மூன்றை ஜோடி சேர்த்துச் சரிபாதியாக்க வழியில்லை. விதை தொல்லை இல்லாமல் நாம் சாப்பிடுகிறோம். ஆனால் பக்கக்கன்றானாலும் திசு வளர்ப்பு நாற்றானாலும் தாய்வாழையின் நகல்தான். ஒன்றை வீழ்த்தும் நோய் தோப்பையே வீழ்த்தும்.

இது வெறும் அச்சமல்ல. உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் வாழையை ஃபியூசேரியம் வாடல் நோய் 1960-களுக்குள் ஏற்றுமதியிலிருந்தே விரட்டியது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷை இன்று அதே பூஞ்சையின் டி.ஆர்-4 என்ற வகை தாக்குகிறது. 2019-இல் அது கொலம்பியாவை எட்டியது. இந்தியாவிலும் பீகாரில் காணப்பட்டிருக்கிறது. மண்ணில் புகுந்துவிட்டால் பல பத்தாண்டுகள் போகாது, மருந்தும் இல்லை.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கன்று நட்டே வாழை தழைத்திருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் தோட்டங்களில் பூவன், ரஸ்தாளி, மொந்தன், நேந்திரன் என்று பல ரகங்கள் கலந்திருந்தன. விதையுள்ள இரண்டு காட்டு இனங்கள் கலந்ததன் வழியில் வந்த ரகங்கள் அவை. இன்றைய ஆபத்து, ஏக்கர் கணக்கில் ஒரே ரகத்தை நடுவது. மரபணு மாற்றமே போதும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2024-இல் ஆஸ்திரேலியா அனுமதித்த, டி.ஆர்-4 நோயைத் தாங்கும் கேவண்டிஷில் சேர்க்கப்பட்ட மரபணு தென்கிழக்கு ஆசியக் காட்டு வாழையிலிருந்து எடுக்கப்பட்டது. குன்றல் பகுப்பு நடக்கும் செடியில்தான் அந்தத் தடுப்பாற்றல் கிடைத்தது. ஆய்வகம் அதை இடம் மாற்றியது, அவ்வளவே.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் விதை நிறைந்த காட்டு வாழைகள் இன்னும் இருக்கின்றன. வாயில் வைக்க முடியாத பழம் என்று அவற்றைக் கைவிடக் கூடாது. வாழையில் கலப்பினம் உருவாக்குவது பல ஆண்டு வேலை. எத்தனையோ தார்களுக்கு மகரந்தம் சேர்த்தாலும் சில விதைகளே தேறும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் இந்தப் பணிக்கு அரசு நீண்டகால நிதி ஒதுக்க வேண்டும். காட்டு வாழை நிற்கும் சரிவுகளை வனத்துறை பாதுகாக்க வேண்டும்.