உள்ளே விட்டால் போதுமா?

கணினித் துறையில் பயிலும் நம் மாணவர்களிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு மென்பொருளில் உள்நுழைய முடியவில்லை என்றால், முடியும் வரை எதை எதையோ மாற்றிப் பார்ப்பது. முடிந்தவுடன் மடிக்கணினியை மூடிவிட்டு மாமாக் கடைக்குத் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவது. இது ஆபத்தான பழக்கம் என்பது என் கருத்து. அதிலும், மெசேஜ் புரோக்கர் எனப்படும் செய்தித் தரகரை ஒரு நிறுவனத்தின் பயனர் டைரக்டரியோடு இணைக்கும் வேலையில், கதவு திறக்காதது சிறிய பிரச்சினை. எல்லாருக்கும் திறந்து கிடப்பதுதான் பெரிய பிரச்சினை.

பிற துறை நண்பர்களுக்காகச் சற்று விளக்கம். தரகர் என்றதும் கல்யாணத் தரகர் நினைவுக்கு வந்தால் பரவாயில்லை, இவரும் இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவர்தான். பாடப் பதிவு செய்யும் கணினி, 'இன்ன மாணவர் இன்ன பாடத்தை எடுத்திருக்கிறார்' என்ற செய்தியைத் தரகரிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். கட்டணப் பிரிவின் கணினியும் நூலகத்தின் கணினியும் தத்தம் வசதிக்கு வந்து அதை வாங்கிக்கொள்ளும். 2007-இல் வெளிவந்த ரேபிட்எம்கியூ இவ்வகையில் புகழ்பெற்றது. ஜாவாவில் எழுதப்பட்ட ஆக்டிவ்எம்கியூ இன்னொன்று. டைரக்டரி என்பது யார் யார் நம் ஆட்கள் என்ற பெயர்ப் பட்டியல். அதனிடம் கேள்வி கேட்கும் முறைக்கு எல்டாப் என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், நம்முடையதைப் போன்ற ஒரு வளாகத்தில், அது உருவானது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைப்பதைவிட ஒரே டைரக்டரியைக் கேட்டு ஆளை உறுதி செய்வது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

சிக்கல் வரும்போதுதான் வேடிக்கை ஆரம்பம். உள்நுழைவு தோற்றால் ரேபிட்எம்கியூ சொல்வது ஒரே வாக்கியம்: அனுமதி மறுக்கப்பட்டது, விவரத்திற்குத் தரகரின் பதிவேட்டைப் பார். கடவுச்சொல் தவறாக இருந்தாலும், டைரக்டரியையே எட்ட முடியாவிட்டாலும் இதே வாக்கியம்தான். பலர் இதைக் கண்டு எரிச்சலடைகின்றனர். எனக்கோ இது சரியாகவே படுகிறது. வாசலில் நிற்பவனுக்குக் காரணத்தைச் சொன்னால் திருடனுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும் அல்லவா? காரணம் உள்ளே, பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் எல்டாப் உரையாடலைப் பதிவு செய்யும் வசதி இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும். நாம்தான் இயக்க வேண்டும். அதில் கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதிவைக்கும் ஒரு நிலை உண்டு. பாதுகாப்பற்றது என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். அதை இயக்கிவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதிவேட்டைத் திறந்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது 49 என்ற எண். நுழைவுச் சான்று செல்லாது என்பது அதன் பொருள். மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரி இதோடு ஓர் உள் எண்ணையும் தருகிறது. 532 என்றால் கடவுச்சொல் காலாவதி, 533 என்றால் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, 775 என்றால் பூட்டப்பட்டுள்ளது. இந்த எண்ணைப் படிக்காமலேயே தரகரின் அமைப்புக் கோப்பை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தரகர் ஓடும் அதே கணினியிலிருந்து, தரகரை ஒதுக்கிவிட்டு, எல்டாப் கட்டளை ஒன்றால் டைரக்டரியை நேரடியாகக் கேட்டுப் பார்த்தால் பிழை எந்தப் பக்கம் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். டைரக்டரியில் ஒவ்வொருவருக்கும் நீண்ட முகவரி போன்ற ஒரு முழுப்பெயர் உண்டு. நாம் தட்டச்சு செய்யும் சிறிய பயனர் பெயரை ஓர் அச்சில் வார்த்து அந்த முழுப்பெயரைத் தரகர் உருவாக்குகிறது. ஆக்டிவ் டைரக்டரியில் அந்த முகவரியின் முதற்பகுதி பெரும்பாலும் பயனர் பெயராக இராது. அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயராக இருக்கும். எனவே சரியான கடவுச்சொல்லும் தோற்கும். முதலில் ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, பிறகு கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்படி அமைப்பதே தீர்வு.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு வினை காத்திருக்கிறது. நம் பெயருக்கு நடுவே வரும் ஏ/எல், ஏ/பி இருக்கிறதே, அதிலுள்ள சாய்கோடு எல்டாப் விதிப்படி சாதாரண எழுத்துதான். ஆனால் ஜாவா மென்பொருள்கள் டைரக்டரியைக் கேட்கப் பயன்படுத்தும் ஜே.என்.டி.ஐ. வசதிக்கு அது பெயரைத் துண்டாடும் குறி. நிரலை எழுதியவர் அதற்கென்று தனியாகக் கவனம் செலுத்தவில்லையென்றால், அப்பா பெயர் ஒரு பக்கமும் பிள்ளை பெயர் ஒரு பக்கமுமாக உடைந்துபோகும். சோதனைக் கணக்குகளுக்கு 'பயனர் ஒன்று', 'பயனர் இரண்டு' என்று பெயர் வைக்கும் வரை இது வெளியே தெரியவே தெரியாது. மலேசியாவில் சோதனை செய்பவர்கள் ஒரு முனியம்மா ஏ/பி காளியப்பனையாவது பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பேன்.

சரி, எல்லாம் சரிசெய்து உள்ளே நுழைந்தாகிவிட்டது. பெரும்பாலோர் நிறுத்திக்கொள்ளும் இடம் இது. ஆங்கிலத்தில் ஆத்தென்டிகேஷன், ஆத்தரைசேஷன் என்ற இரண்டையும் சுருக்கி 'ஆத்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவனுக்கு இவை இரண்டும் ஒலியிலேயே வேறு வேறு: அடையாளம், அனுமதி. நீ யார் என்பது ஒரு கேள்வி. நீ எதைத் தொடலாம் என்பது இன்னொரு கேள்வி. ரேபிட்எம்கியூவின் எல்டாப் செருகி முதற்கேள்வியைத்தான் இயல்பாகக் கேட்கும். இரண்டாவதற்கு நாம் விதி எழுதாவிட்டால், 'ஆம்' என்பதே அதன் இயல்பான விடை. அதாவது டைரக்டரியில் பெயருள்ள எவரும், புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர் உட்பட, எந்தச் செய்தி வரிசையையும் படிக்கலாம், எழுதலாம். தேர்வு மதிப்பெண்கள் அவ்வழியே போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்!

விந்தை என்னவென்றால், நிர்வாகப் பக்கத்திற்கு மட்டும் இதே செருகி இயல்பில் 'இல்லை' என்று சொல்லும். அதனால் மென்பொருள் ஓடும், நிர்வாகப் பக்கம் மறுக்கும். நான் தொழிற்பயிற்சி செய்த ஓர் அலுவலகத்தில் இதுதான் நடந்தது. அங்கிருந்த மூத்த பொறியாளர் ஒரே வரியில் எல்லாரையும் நிர்வாகியாக்கிவிட்டார். "அண்ணா, எல்லாருக்குமா?" என்று கேட்டேன். "இப்ப ஓடுதில்ல தம்பி, விடு" என்றார். கெட்ட மனிதர் அல்லர். மதியத்திற்குள் ஓட வேண்டும் என்பது மேலிடத்தின் உத்தரவு. ஓடுகிறதா என்று மட்டுமே கேட்கும் மேலிடத்திற்கு இப்படித்தான் பதில் கிடைக்கும்.

இதைவிட மோசமானது வெற்றுக் கடவுச்சொல். எல்டாப்பில் பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், சில சேவையகங்கள் அதை அநாமதேய வருகையாகக் கருதி 'சரி' என்று பதில் தரும். கேட்ட மென்பொருள் அந்தச் 'சரி'யை ஆள் சரி என்று புரிந்துகொள்கிறது. இப்படி நடக்கலாம் என்று 2006-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4513 ஆவணமே எச்சரித்திருக்கிறது. அப்படியிருந்தும் ஆக்டிவ்எம்கியூவில் இந்த ஓட்டை இருந்தது, 5.10.1 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. 2021-இல் அதே மென்பொருளில் ஓர் உறவுக்காரப் பிழை வெளிப்பட்டது. டைரக்டரியை அநாமதேயமாகக் கேட்கும்படி அமைத்திருந்தால், கடவுச்சொல் சரிபார்க்கப்படவே இல்லை. உலகெங்கும் பயன்படும் மென்பொருளிலேயே இந்த நிலை. இவ்விரண்டையும் உள்நுழைந்து காட்டும் எந்தச் சோதனையும் பிடித்திருக்காது. எல்லாருக்கும்தான் கதவு திறக்கிறதே!

இன்னொரு பின்கதவும் உண்டு. டைரக்டரி மறுத்தால் தரகரின் சொந்தக் கணக்குப் பட்டியலைப் பார் என்று இரண்டு வழிகளை அடுக்கி வைப்பது வழக்கம். டைரக்டரி படுத்துவிட்டால் உதவும் என்பார்கள். வேலையை விட்டுப் போனவரின் பழைய கணக்கு அந்தச் சொந்தப் பட்டியலில் மிச்சமிருந்தால், டைரக்டரியில் அவரை முடக்கியதால் பயன் என்ன?

இறுதியாண்டுத் திட்டப்பணிச் செயல்விளக்கத்தில் தேர்வாளர்கள் 'உள்நுழைந்து காட்டுங்கள்' என்கிறார்கள். மறுத்துக் காட்டவும் சொல்லலாமே! நம் பேரவையின் கணினிப் பட்டறையிலாவது இவ்வாண்டு தொடங்கலாம். துறையில் பணியாற்றும் முன்னாள் மாணவர்கள் ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் போதும். பெரிய ஏற்பாடு தேவையில்லை, நான்கு கணக்குகள் இருந்தால் நடத்திவிடலாம்: சரியான ஆள் ஒருவர், முடக்கப்பட்டவர் ஒருவர், டைரக்டரியில் இருந்தும் எந்தக் குழுவிலும் இல்லாதவர் ஒருவர், பெயரில் சாய்கோடு உள்ளவர் ஒருவர். நான்கு பேரையும் ஒரு முறை கடவுச்சொல்லை வெறுமையாக விட்டும் நுழையச் சொல்ல வேண்டும்.