நாலு துளை போதாது

"கிட்டத்தட்ட" என்ற சொல்லின் மீது எனக்குப் பகை கிடையாது. கல்யாணத்துக்குக் கிட்டத்தட்ட 500 பேர் வந்தார்கள் என்று சொன்னால் யாருக்கும் குடி முழுகிவிடாது. ஆனால் மோட்டார் காரின் சக்கரத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. நம் ஊர்ச் சக்கரக் கடைக்காரர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். எனக்கு அவர்களோடுதான் வழக்கு.

என்னிடம் இருப்பது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் பிறந்த டிரையம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான வண்டி. அதைச் செய்த கம்பெனி 1980-களின் கடைசியில் கார் செய்வதை விட்டுவிட்டது. வண்டி ஓடுகிறது, சக்கரங்கள்தாம் துருப்பிடித்துவிட்டன. புதிது வாங்கலாம் என்று மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரை அலைந்தேன். போன இடமெல்லாம் ஒரே பாட்டு: "காரில் நாலு போல்ட், சக்கரத்தில் நாலு துளை. அப்புறம் என்ன ஸார்?"

அப்புறம் நிறைய இருக்கிறது. எதிரெதிரான இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு அளந்து பாருங்கள். ஹெரால்டுக்கு அது மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். ஃபியட் 1100-க்கும் அதன் வாரிசான பத்மினிக்கும் 98. ஸ்விஃப்ட்டுக்கும் சான்ட்ரோவுக்கும் 100. மாருதி 800-க்கு 114.3. நாலுமே நாலு துளைச் சக்கரங்கள்தாம். ஒன்றின் சக்கரம் மற்றொன்றுக்கு ஆகாது. சின்னக் கார்களுக்கென்று கடையில் பளபளவென்று தொங்கும் அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் 100-க்குச் செய்தவை.

ஒரு கடைக்காரர் இதற்கும் பரிகாரம் வைத்திருந்தார். "நாலைந்து மில்லிமீட்டர்தானே ஸார்? அரத்தால் துளையை ராவி உட்கார வைத்துவிடலாம்!" மோதிரம் விரலில் ஏறாவிட்டால் விரலைச் சீவுகிறேன் என்பது போன்ற யோசனை!

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது துளையில் நுழைந்த போல்ட் மட்டுமன்று. நட்டு அதை அச்சுத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் பிடிமானம்தான். நட்டின் அடிப்பாகம் கூம்பாக இருக்கிறது. சக்கரத்துத் துளையின் வாயும் அதற்கேற்பக் குழிந்திருக்கிறது. கூம்பு குழியில் வட்டம் முழுக்கப் படிந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். துளையை நீட்டிவிட்டால் கூம்பு ஒரு விளிம்பை மட்டும் கவ்வும். ஸ்பானருக்கு இறுகிவிட்டது போலவே தோன்றும், மோசமே அதில்தான். ஓட ஓட நட்டுத் தளரும், போல்ட் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளைந்து நிமிரும், ஒருநாள் முறியும். அடையாற்றுப் பாலத்தின் மேல் அது நடந்தால், கழன்று ஓடும் சக்கரம் கடைக்காரரைத் தேடிக்கொண்டு போகாது. ஸ்கூட்டரில் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லும் யாரோ ஒரு தாயின் மீதுதான் மோதும்.

"இந்தப் பழைய வண்டியைத் தள்ளிவிடுங்களேன்" என்று புத்தி சொல்பவர்களும் உண்டு. வண்டி பழையது என்பது அளக்காமல் விற்பதற்கு அநுமதிச் சீட்டாகுமா? புதிய காருக்கும் தவறான சக்கரத்தை மாட்ட இதே துணிச்சல் போதுமே! செருப்புக் கடையில்கூடக் காலை அளந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பை எடுக்கிறார்கள்.

வழி இல்லாமற் போகவில்லை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே மூன்றே முக்கால் அங்குலந்தான். அதன் சக்கரம் கிடைத்தால் விட்டத்தையும் அகலத்தையும் சரிபார்த்து மாட்டலாம். அல்லது ஹெரால்டின் பழைய இரும்புச் சக்கரத்தையே தேடிப் பிடித்து, விரிசல் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, கோணல் எடுத்து, வர்ணம் பூசலாம். புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் நான் கேட்ட சக்கரத்தைக் காலிப்பர் வைத்து அளந்தார். "இது உங்க வண்டிக்கு ஆகாதுங்க ஐயா" என்று சொல்லி, கையிலிருந்த வியாபாரத்தை விட்டுக் கொடுத்தார். படிப்பும் குளிர்பதனமும் உள்ள கடைகளில் நான் காணாத நாணயம் அது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். சக்கரம் வாங்கப் போனால் விலையைக் கேட்குமுன் துளை வட்டத்தின் அளவைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடமும், அரத்தை எடுப்பவரிடமும் ஒரு பைசாக்கூடக் கொடுக்காதீர்கள். நாம் பணம் கொடுக்கும்வரை அந்த அரம் ஓயாது.