குதிரைக்கு முந்தி கடிவாளம்

பி.காம். படித்தவனுக்குக் கார் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கார் என்பது நாலு சக்கரம் வைத்த பேலன்ஸ் ஷீட். ஒரு பக்கம் எதையாவது ஏற்றினால், இன்னொரு பக்கமும் ஏதாவது ஏறியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. ஆபீஸில் கணக்கு நேராகாவிட்டால் ஆடிட்டர் வருவார். ரோட்டில் நேராகாவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்.

இந்த வாரக் கணக்கு, என் நண்பனின் கான்டெஸா.

நண்பன் பேங்கில் காஷியர். அவன் அப்பா 1994-ல் புதுசாக வாங்கிய வண்டி. வெள்ளைக் கலர். அப்பா இருந்தவரை வாரா வாரம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு வண்டி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. பானெட்டுக்கு அடியில் ஒரு பூனை மூன்று பிரசவம் பார்த்தது. பழைய இரும்புக்காரர் தெருவில் மணியடிக்கும்போதெல்லாம் அவன் மனைவி வாசலைப் பார்ப்பதும், நண்பன் மனைவியைப் பார்ப்பதுமாக ரெண்டு வருஷம் ஓடியது.

திடீரென்று ஒருநாள் சீட்டு விழுந்தது. மூணு லட்சம்.

"அப்பா வண்டியை ரெடி பண்ணப் போறேன்டா. சும்மா இல்ல. மூணு லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ வச்ச ஜப்பான் என்ஜின். கியரைப் போட்டா பறக்கணும்" என்றான். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். யாரோ ஒரு புண்ணியவான் கான்டெஸாவைப் புகை கக்க வட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டியில யார் யார் போகப் போறீங்க?" என்றேன்.

"நான், அவ, பாப்பா, அம்மா."

"அப்போ எதுக்குடா பறக்கணும்?"

முறைத்தான். ஆனால் அவன் ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குக் கொஞ்சம் பழங்கதை தெரிய வேண்டும்.

* * *

கான்டெஸாவின் பூர்வீகம் இங்கிலாந்து. வாக்ஸால் கம்பெனி எழுபதுகளில் விற்ற விக்டர் எஃப்.ஈ., பிறகு வி.எக்ஸ். என்று பேர் மாற்றிக்கொண்ட கார்தான் அது. அங்கே அதற்கு 1759 சி.சி., 2279 சி.சி. என்று ரெண்டு என்ஜின்கள். ரெட்டை கார்புரேட்டரோடு வி.எக்ஸ். 4/90 என்று ஒரு ஸ்போர்ட்ஸ் மாடல். வென்டோரா என்ற பெரியண்ணனுக்கு ஆறு சிலிண்டர், 3294 சி.சி.

அந்த உடம்பை வாங்கிவந்து 1984-ல் கான்டெஸா என்று பேர் வைத்து இறக்கியது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். உள்ளே உட்கார வைத்தது எதை? அம்பாஸடரில் இருந்த 1489 சி.சி. என்ஜினை! சுமார் 50 குதிரை சக்தி. பயில்வானைப் பந்தியில் உட்கார வைத்து ரெண்டு இட்லி பரிமாறிய கதை.

பிறகுதான் ஜப்பானின் இஸுஸு என்ஜின் வந்தது. 1817 சி.சி., சுமார் 88 குதிரை சக்தி. கான்டெஸா கிளாசிக் என்று நம்மூர் சினிமா வில்லன்களும் ஜவுளிக்கடை முதலாளிகளும் சேர்ந்து இறங்கியது இதில்தான். ஒன்றைக் கவனியுங்கள். என்ஜின் மட்டும் தனியாக வரவில்லை. நாலு கியர் போய் ஐந்து கியர் பெட்டியும் கூடவே வந்தது. டெபிட் எழுதிய கையோடு கிரெடிட்.

2002-ல் கான்டெஸா தயாரிப்பு நின்றுபோனது. நண்பனுடையது இந்த 1.8 இஸுஸு வண்டி.

"இங்கிலாந்துல இதே உடம்புல 3.3 லிட்டர் வச்சாங்களே! நான் 3 லிட்டர் வச்சா மட்டும் தப்பா?" என்று மடக்கினான். காஷியர் புத்தி. எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால் புதுப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

* * *

பாய்க்கு அறுபது வயசு இருக்கும். கான்டெஸா என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டுவார். நண்பன் சொன்னதை முழுசாகக் கேட்டார். டீயை முடித்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினார். கடிகாரத்தில் பன்னிரண்டும் ஆறும் இருக்குமே, சக்கரத்தில் அந்த ரெண்டு இடத்தையும் பிடித்து ஆட்டினார். டொக், டொக் என்றது.

"பால் ஜாயின்ட் போச்சு. பேரிங்கும் லூசு. 88 குதிரையவே இந்தக் காலு தாங்கல. நீங்க முன்னூறு கட்டணும்ங்கறீங்க தம்பி."

அடியில் படுத்து ஒரு ரப்பர் புஷ்ஷை நோண்டினார். பழைய அழிரப்பர் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. சஸ்பென்ஷன் கைகள் வண்டியின் உடம்போடு சேருகிற ஒவ்வொரு மூட்டிலும் இந்த ரப்பர்தான். மனிதனுக்கு முழங்கால் ஜவ்வு மாதிரி. ரப்பர் போனால், ஸ்டீயரிங்கை நீங்கள் ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் யோசித்துவிட்டு அப்புறம் திரும்பும். அரசாங்க ஆபீஸில் ஃபைல் நகர்கிற மாதிரி.

"சஸ்பென்ஷன்ல கை வைக்கிறதுக்கு முந்தி அது மாட்டியிருக்கிற இடத்தைப் பாருங்க" என்று டார்ச் அடித்தார். லாரி மாதிரி கான்டெஸாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடம்பேதான் சட்டம். அந்த இடத்தில் துரு ஏறி, மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால், நீங்கள் லட்ச ரூபாய் ஷாக் அப்சார்பர் போட்டாலும் அது தொங்கப்போவது பட்டியில்தான். நல்லவேளை, நண்பன் வண்டியில் ரெண்டு இடத்தில் மட்டும் தகடு வெட்டி வைத்து வெல்டிங் அடிக்க வேண்டியிருந்தது.

"சரி பாய், ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டி வண்டியைத் தாழ்த்திடலாமா? லுக்கா இருக்கும்" என்றான் நண்பன்.

இங்கேதான் நம்ம கணக்கு உதவிக்கு வந்தது. காயில் ஸ்பிரிங்கில் சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். வேலை செய்கிற சுற்று எட்டு என்றால், ஒன்றை வெட்டியதும் விறைப்பு 14 சதவீதம் ஏறும். கம்பி கனத்தின் விஷயம் இன்னும் பயங்கரம். கம்பியைப் பத்தே சதவீதம் தடிமனாகப் போட்டால் விறைப்பு 46 சதவீதம் எகிறும். கனத்தின் நாலாவது அடுக்கில் ஏறுகிற கணக்கு அது. கூட்டுவட்டிக்காரனே பயப்படுவான். 'கொஞ்சம் ஹெவியா ஒரு ஸ்பிரிங் போடுங்க' என்று சொல்பவர்கள், பின் சீட்டில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு தாம்பரம் ஸ்பீடு பிரேக்கர்களைத் தாண்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் மட்டும் தனியாகச் சம்சாரம் பண்ண முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளத்தில் விழுகிற அடியை ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த நொடியே திருப்பிக் கொடுத்துவிடும். அதைச் சூடாக்கிக் கரைத்துக் கணக்கை முடித்து வைப்பது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் கடன் வாங்குகிறது, ஷாக் அப்சார்பர் அடைக்கிறது. விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டால், சம்பளத்தை ஏற்றாமல் வீட்டுக்கடனை மட்டும் ஏற்றிக்கொண்ட மாதிரி. வண்டி கல்யாண வீட்டு ஊஞ்சலாக ஆடும்.

இத்தனைக்கும் கான்டெஸாவின் அடிப்படை நல்ல ஜாதகம். முன்னால் ரெட்டைக் கை வைத்த காயில் ஸ்பிரிங். பின்னாலும் காயில் ஸ்பிரிங். அம்பாஸடருக்குப் பின்னால் லாரி மாதிரி அடுக்குப் பட்டைகள்தான். அதனால் பாய் சொன்ன வைத்தியம் எளிமையானது. அதே அளவில் நல்ல ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், எல்லா மூட்டுக்கும் புது ரப்பர், நல்ல டயர்.

"பாலியூரிதேன் புஷ் போடலாம்னாங்களே?"

"போடலாம் தம்பி. ரேஸுக்கு. ரோட்டுல இருக்கிற கல்லு ஒவ்வொண்ணும் உங்க சீட்டுக்கு வந்து பேர் சொல்லிட்டுப் போகும். ரப்பரே போடுங்க."

* * *

அடுத்தது பிரேக். 80 கிலோமீட்டர் வேகத்தை 120 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டே கால் மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அத்தனையும் பிரேக்கில் சூடாகத்தான் போய்ச் சேர வேண்டும். என்ஜினுக்குப் பணம் கட்டுகிற ஒருத்தராவது இந்த வரியைப் பட்ஜெட்டில் எழுதி நான் பார்த்ததில்லை.

பிரேக்கோடும் முடியவில்லை. என்ஜினின் முறுக்கு, முதல் கியரில் பொதுவாக மூன்று மடங்குக்கு மேல் பெருகும். பின்னால் கிரவுன் பினியனில் இன்னும் சுமார் நாலு மடங்கு. ஆக, என்ஜினில் ஒரு பங்கு கூட்டினால் பின் ஆக்ஸிலுக்குப் போய்ச் சேருவது பன்னிரண்டு பங்கு போல. கிளட்ச், கியர் பெட்டி, ஆக்ஸில், ரேடியேட்டர் எல்லாமே வரிசையில் நின்று, 'எனக்கும் இன்கிரிமென்ட்' என்று கையை நீட்டும். என்ஜின் கனமானால் முன்பக்கம் தாழ்ந்து, வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதற்கு மறுபடியும் ஸ்பிரிங்.

நண்பன் கேட்டானே, இங்கிலாந்தில் 3.3 லிட்டர் வைத்தார்களே என்று. அதற்குப் பதில் இதுதான். வென்டோரா ஒரு என்ஜின் இல்லை, ஒரு முழு வண்டி. கம்பெனி எஞ்சினியர்கள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கணக்கு நேர் செய்து விற்றது. நாம் செய்யப்போவது டெபிட்டை மட்டும் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடுவது.

சட்டம் வேறு இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரம், கம்பெனி முதலில் சொன்ன அமைப்பிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. என்ஜினை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், ஸ்பானர் அப்புறம். சம்பந்தமே இல்லாத என்ஜினுக்கு அனுமதி கிடைத்துவிடும் என்று நம்பிச் சீட்டுப் பணத்தை இறக்காதீர்கள். ஆர்.சி.யில் ஒரு என்ஜின், பானெட்டுக்கு அடியில் இன்னொரு என்ஜின் என்றால், விபத்து நடந்த அன்றைக்கு இன்ஷூரன்ஸ்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

இன்னொரு சங்கதி. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பிறகு 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். உடம்பு, சட்டம், என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். நண்பனின் வண்டிக்கு 2044-ல் 50 நிறையும். இப்போது ரெண்டாங் கிளாஸ் படிக்கிற அவன் பாப்பா அப்போது தாத்தாவின் வண்டியைக் கண்காட்சிக்கு ஓட்டிப் போகலாம். அந்த உரிமையை இன்றைக்கே டர்போ புகையில் விட வேண்டுமா?

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டம் அவனை அசைக்கவில்லை. தாத்தா வண்டி என்ற வார்த்தை அசைத்தது.

* * *

"சரி, இருக்கிற என்ஜின் எப்படி இருக்கு பாய்?"

பாய் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்தார். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். மூணாவது மட்டும் படுத்திருந்தது. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ஏறியது. "ரிங் தேஞ்சிருக்கு. ஆயில் விட்டும் ஏறலன்னா வால்வு." ஸ்டெதஸ்கோப் வைக்காத டாக்டர்.

வைத்தியம் இப்படி முடிந்தது. போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், வால்வு வேலை, ரேடியேட்டருக்குப் புது கோர், கார்புரேட்டர் சுத்தம், பாயின்ட் செட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன். புதுக் குதிரை ஒன்றுகூட வாங்கவில்லை. அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போன பழைய குதிரைகளைப் பிடித்துவந்து கட்டினோம். 88-ம் ஆஜர்.

வேலை நடந்த வரிசை: தகடு, பிரேக், சஸ்பென்ஷன், டயர், கடைசியில்தான் என்ஜின். மூணு லட்சத்தில் பாதிக்கு மேல் வெளியே தெரியாத சாமான்களுக்கே போனது. நண்பனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். "காசு போட்டது எதுவும் கண்ணுக்கே தெரியலையேடா" என்றான்.

போன மாசம் எல்லோருமாகச் செங்கல்பட்டு வரை போனோம். பின் சீட்டில் அவன் அம்மா தூங்கிக்கொண்டு வந்தார். அதுவே சஸ்பென்ஷனுக்கு சர்டிபிகேட். அவன் மனைவி, "அண்ணா, வண்டி இப்ப சொன்ன பேச்சு கேக்குது. ஓட்டுறவர்தான் இன்னும் கேக்கறதில்ல" என்றார்.

கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு ஷேர் ஆட்டோ, கையும் காட்டாமல் குறுக்கே பாய்ந்தது. நண்பன் பிரேக்கை மிதித்தான். வண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்கவில்லை. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, நேராக, ஆட்டோவின் பின் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பாப்பா கையிலிருந்த முறுக்கு மட்டும் கீழே விழுந்தது.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நண்பன் ரொம்ப நேரம் அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போட்ட காசு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.