அடிக்குறிப்புக்காரர்கள்

இந்த ஆண்டின் விருதொன்று கல்விப்புலத்தைச் சேர்ந்த ஒருவருக்குப் போயிருக்கிறது. அதில் நமக்குப் பெரிய மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. அதையொட்டிச் சக இதழ் ஒன்றில் வந்த எட்டுப் பக்கக் கட்டுரைதான் இந்தத் தலையங்கத்துக்குக் காரணம். படைப்பாளிகளும் சிற்றிதழ்களும் கண்டுசொன்னதைப் பத்து வருஷம் கழித்து வந்து அடிக்குறிப்பாக்கியதைத் தவிர இங்கே பல்கலைக்கழகங்கள் எதைக் கிழித்தன என்று கேட்கிறது கட்டுரை. 1857இலிருந்து சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதாம். தமிழ் வாழ்வைத் தொட்ட ஆய்வு ஒன்றுகூட அங்கிருந்து வந்ததில்லையாம்.

சிற்றிதழ்காரர்கள் என்பதால் நாமும் சேர்ந்து கைதட்டுவோம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. கட்டுரையை நகலெடுத்து அனுப்பிய நண்பர் ஓரத்தில் "நம்ம கட்சி" என்று எழுதியிருந்தார். நம்ம கட்சி இல்லை, ஐயா.

"பெரும்பாலும் இல்லை" என்று எழுதியிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்போம். "ஒன்றுகூட" என்பதுதான் உறுத்துகிறது. அப்படி எழுத ஒருவர் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டாலும் எந்த அலமாரியில் வைத்திருக்கிறார்கள் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையாளர் ஒன்றரைப் பக்கத்துக்கு ஆய்வேடுகளின் தலைப்புகளை அடுக்கிச் சிரிக்கிறார். இன்னார் நாவல்களில் பெண் பாத்திரங்கள், இன்னார் சிறுகதைகளில் சமுதாயச் சிக்கல்கள், இன்னார் கவிதைகளில் இயற்கை. தமிழ் இலக்கிய மேடைகளில் வெகுகாலமாக ஓடுகிற சிரிப்பு இது. தலைப்பைத் தாண்டி ஓர் ஆய்வேட்டின் உள்ளிருந்து ஒரே ஒரு வாக்கியமாவது அந்த எட்டுப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடினோம். கிடையாது. மு. வரதராசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது சங்க இலக்கியத்தில் இயற்கை என்ற பொருளில்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். பின்னால் வந்தவர்கள் அந்தச் சட்டையைத் தைத்துத் தைத்துக் கிழித்தார்கள் என்றால் அது வேறு வழக்கு.

ஆனால் நம் சண்டை தலைப்புகளைப் பற்றியது அல்ல. இலக்கியக்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றாலே தமிழ்த்துறை, மிஞ்சிப்போனால் ஆங்கிலத்துறை. மற்ற துறைகளில் யாரோ எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள், அது நமக்குச் சம்பந்தமில்லாதது. இந்தக் குருட்டுத்தனத்தோடுதான் "தமிழ் வாழ்வு" என்ற பெரிய சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் பொருளாதாரப் பேராசிரியராகச் சென்னைக்கு வந்தார். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கென்று நடந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். வந்த மறுவருஷம், விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவர்களின் கையில் ஒரு கேள்விப்பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். உன் ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது, என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, மாடு எத்தனை. பையன்கள் சொந்த ஊரை வீடுவீடாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். பெரிய கோட்பாடு எதையும் அவர்கள் சுமந்துகொண்டு போகவில்லை. 1918இல் அது புத்தகமாக வந்தது. தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடாற்காட்டில் தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், இராமநாதபுரம் சீமையில் வடமலைபுரம். தமிழ்நாட்டு வரைபடத்தில் இந்த ஊர்களுக்கு அதற்குமுன் அப்படியொரு கவனிப்பு கிடைத்திருக்காது.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரின் விடுமுறைப் பாடம் என்று தள்ளிவிடலாம். நிற்கவில்லை. முப்பதுகளில் அதே பல்கலைக்கழகத்தின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்ப ஆட்களை அனுப்பினார்கள். மறு ஆய்வு 1940இல் அச்சாகியது. எண்பதுகளின் தொடக்கத்தில் எஸ். குகனும் அவரோடு சேர்ந்தவர்களும் இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் மறுபடி போனார்கள். அப்போது ஆய்வு பல்கலைக்கழகத்தைவிட்டு அடையாற்றில் இருந்த வேறொரு நிறுவனத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. 2008இல் இன்னொரு குழு இருவேல்பட்டுக்குப் போனது. ஒரு தமிழ்க் கிராமத்தை 92 வருஷ இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்த கதை இது. படியாள் முறை எப்படிக் கரைந்தது, பெரிய நிலக்காரரின் பிடி எப்படித் தளர்ந்தது, வயலைவிட்டு ஆட்கள் வேறு வேலைக்கு எப்படிப் போனார்கள் என்பதெல்லாம் அதில் எண்ணிக்கையோடு இருக்கிறது. மண் மணக்கும் நாவல்கள் என்று நாம் கொண்டாடுகிற பலவற்றில் கூலி எவ்வளவு என்ற விவரம்கூடக் கிடையாது.

இது எந்தப் படைப்பாளி கண்டுசொன்னதற்கு அடிக்குறிப்பு? 1916இல் தமிழில் சிற்றிதழ் என்ற சங்கதியே பிறந்திருக்கவில்லை.

இதே ஸ்லேட்டர்தான் 1924இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கூலியையும் கடனையும் எண்ணிக்கொண்டிருந்த பொருளாதாரக்காரருக்கு அந்தப் பொருள் எங்கே தட்டுப்பட்டது என்று யோசிப்பது சுவாரஸ்யமானது. அதன் வாதங்களில் பல இன்று நிற்காது. ஆனாலும் திராவிடம் பற்றி நம்மூர் மேடைகளில் பேசியவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இருவேல்பட்டுக்குப் போன கேள்விப்பட்டியலைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் ஆயாசமாக இருக்கிறது.

கிராமம் வேண்டாம், தசைநாருக்கு வருவோம். 1952இல் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்தபோது அவருக்கு வயது 30. சர் சி. வி. இராமனைக் கேட்க, அவர் தன் மாணவரைக் கைகாட்ட, துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அந்த இளைஞரைப் பேராசிரியராக்கினார். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கிற புரதம் அது. பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போயிற்று. கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்கதிர்ப் படத்தை வைத்துக்கொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவத்தை 1954இல் முன்வைத்தார்கள். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் அதோடு மோதினார்கள். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளைய முடியும், எதில் முடியாது என்று கேட்க வைத்தது அந்த மோதல்தான். அதிலிருந்து 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து இராமச்சந்திரன் வரைந்த படம், உலகில் எங்கே புரதத்தின் அமைப்பைக் கண்டாலும் சரிபார்க்க விரிக்கப்படுகிற படம். கிண்டியில் வரைந்தது. முதலியார் 1969இல் பதவியிலிருந்து இறங்கினார். இராமச்சந்திரன் அடுத்த வருஷமே சென்னையைவிட்டுப் பெங்களூருக்குப் போகத் தயாராகிவிட்டார். இந்தக் கடைசி வரியைப் பற்றி யாராவது எட்டுப் பக்கம் எழுதினால் நாம் பதினாறு பக்கம் ஒதுக்கித் தருவோம்.

அதே பல்கலைக்கழகத்தின் தாவரவியல் கூடத்தில் எம். ஓ. பி. ஐயங்கார், தண்ணீர் வற்றுகிற குட்டையின் வண்டலில் கிடந்த ஒரு பாசியைப் பார்த்தார். தண்ணீரைவிட்டு நிலத்துக்குத் தாவரம் ஏறிய விதத்துக்கு அதில் ஒரு துப்பு இருக்கிறது என்று 1932இல் எழுதினார். 1913இல் தொடங்கி 1936 வரை இழுத்த தமிழ் லெக்சிகன் இன்னொரு பக்கம். சாண்ட்லர் தொடங்கியதை வையாபுரிப் பிள்ளை முடித்தார். காலமும் பணமும் போட்ட கணக்குக்குள் அடங்கவே இல்லை. வையாபுரிப் பிள்ளையை இன்றைக்கும் திட்டுகிறவர்கள் திட்டிவிட்டு அதே லெக்சிகனைத்தான் புரட்டுகிறார்கள். வடமொழிச் சுவடிகளுக்கெல்லாம் ஓர் அட்டவணை போடுகிறோம் என்று 1935இல் ஆரம்பித்த வேலையின் முதல் தொகுதி 1949இல் வந்தது. இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் தொகுதிகள் வந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த, எஃப்.ஏ. தேறாத இராமானுஜனுக்கு விதியை வளைத்து மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்ததும் இந்தப் பல்கலைக்கழகம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடு என்றார்கள், கொடுத்தார். அந்த அறிக்கைகளை 1913இல் யார் புரிந்துகொண்டிருப்பார்கள்?

இவர்களெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசி ஒரு மாபெரும் அறிவுச் சூழலை உண்டாக்கினார்கள் என்று கதைவிட மாட்டோம். பாசிக்காரருக்கும் லெக்சிகன்காரருக்கும் பேச என்ன இருந்திருக்கும்? ஒரே பல்கலைக்கழகத்தின் பணத்தில் ஓடினார்கள், அவ்வளவுதான். ஒருவர் செய்வது மற்றவருக்குப் பயன்படுகிறதா என்று யாரும் கேட்காமல் இருந்தார்கள். கட்டுரையாளர் கேட்கிற "இதனால் தமிழ் வாழ்வுக்கு என்ன?" என்ற கேள்வியை 1916இல் செனட்டில் ஒருவர் எழுந்து உறுதியாகக் கேட்டிருந்தால் மாணவர்களின் கேள்விப்பட்டியல் அச்சுக்கே போயிருக்காது.

சென்னையே பேசுகிறீர்கள் என்பார்கள். பரங்கிப்பேட்டைக்கு வாருங்கள். வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கிருந்தவர்கள் அந்தக் கரையில் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு, சதுப்புநிலக் காடு இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று எழுதினார்கள். அதே எண்களை வாங்கித் திருப்பிக் கணக்குப்போட்ட வேறு ஆய்வாளர்கள், காட்டைவிடக் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடு என்பதே காரணம் என்று எழுதினார்கள். ஆய்விதழின் பக்கங்களில், அட்டவணைகளை வைத்துக்கொண்டு நடந்த சண்டை. நம் இலக்கியச் சண்டைகளில் யார் யாரை எந்த ஊர்க் கூட்டத்தில் என்ன சொன்னார் என்பதைத் தவிர வேறு ஆதாரம் வைக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறீர்களா?

பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்ததுதான் உண்மையான ஆய்வு என்பவர்கள் கடைசியில் நா. வானமாமலையிடம் வந்து நிற்பார்கள். நிற்கட்டும், நமக்கும் அவர் மேல் அளவு கடந்த பிரியம் உண்டு. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டு, ஆய்வுக் குழு ஒன்றைக் கூட்டி, அதற்கொரு இதழும் நடத்தியவர். கதைப்பாடலையும் வர்க்கத்தையும் ஒரே மூச்சில் பேச முடியும் என்று அன்றைய இளைஞர்களுக்குக் காட்டியவர். ஆனால் முத்துப்பட்டன் கதையையும் கட்டபொம்மு கதைப்பாடலையும் அவர் பதிப்பித்தபோது வெளியிட்டது யார்? தெ. பொ. மீனாட்சிசுந்தரம் முதல் துணைவேந்தராக இருந்த மதுரைப் பல்கலைக்கழகம். எண்பதுகளில் அமைப்பியல் வந்தபோதும் இதே கதைதான். லெவி ஸ்ட்ராஸையும் ரோலான் பார்த்தையும் நம் இதழ்களில் எழுதியவர்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குப் போய் யாப்பருங்கலக்காரிகை நடத்தியவர்கள். சிற்றிதழ் ஒரு கரை, கல்விப்புலம் ஒரு கரை என்ற படம் இரண்டு பக்கமும் உள்ள சோம்பேறிகளுக்குச் சௌகரியமானது.

இதை எழுதுவதால் இன்றைய பல்கலைக்கழகங்களுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று துணைவேந்தர் யாரும் சந்தோஷப்பட வேண்டாம். கட்டுரையாளர் செய்த அதே அநியாயத்தை அவர்கள் அலுவலகக் காகிதத்தில் செய்கிறார்கள். அவர் தலைப்பை எண்ணுகிறார், அவர்கள் புள்ளியை எண்ணுகிறார்கள். 2018இல் பல்கலைக்கழக மானியக்குழு ஆய்விதழ்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. 2025இல் அதைத் தூக்கிக் கடாசியது. நடுவில் எத்தனை ஆய்வாளர்கள் பட்டியலில் உள்ள இதழைத் தேடி, பணம் கட்டி, சொந்த வாக்கியங்களையே உருட்டிப் புரட்டி எழுதினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கத் தொகுதியை எடுத்துப் பாருங்கள். தலையணை கனம், கட்டுரைக்கு நான்கு பக்கம், முதல் பக்கம் முன்னுரை, கடைசிப் பக்கம் துணைநூற்பட்டியல், நடுவில் இரண்டு பக்கத்தில் தொல்காப்பியம் முதல் இன்றுவரை. கட்டணம் கட்டியவருக்குச் சான்றிதழும் மதியச் சாப்பாடும் துணிப்பையும் உண்டு. பன்னாட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவர் போதும்.

ஓய்வுபெற்றவரின் நாற்காலியை நிரப்பாமல், தொகுப்பூதியத்தில் ஒரு விருந்தினர் விரிவுரையாளரை உட்கார வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்கிறதா என்று தெரியாதவரிடம் இருபது வருஷம் இழுக்கிற அகராதியையோ தலைமுறை தாண்டி ஒரு கிராமத்தைத் திரும்பிப் பார்க்கும் ஆய்வையோ யார் ஒப்படைப்பார்கள்? அவர் எடுத்துக்கொள்ளக்கூடியது மூன்று ஆண்டில் முடிகிற, யாரையும் உறுத்தாத, கையெழுத்துக்குச் சிக்கல் தராத தலைப்பு. இன்னார் நாவல்களில் பெண் பாத்திரங்கள் அப்படித்தான் பிறக்கிறது. சிரிக்க வேண்டியது அந்த மாணவரைப் பார்த்து அல்ல.

அடுத்த இதழிலிருந்து ஆய்வேடுகளுக்கு மதிப்புரை வெளியிடுவதாக இருக்கிறோம். அச்சில் வராத, நூலகத்தில் கட்டட்டை போட்டு வைத்திருக்கும் ஆய்வேடுகளுக்கு. தாவரவியல், மானிடவியல், கடல் உயிரியல், நிலவியல், பொருளாதாரம், இசை என்று எந்தத் துறையாக இருந்தாலும் சரி, தமிழ்த்துறைக்கும் தடையில்லை. முழுவதும் படித்துவிட்டு எழுத வேண்டும், உள்ளிருந்து குறைந்தது மூன்று இடங்களையாவது எடுத்துப் பேச வேண்டும். சன்மானம் கிடையாது, நூலக அனுமதிக்கு இதழின் கடிதம் வேண்டுமென்றால் அனுப்பிவைப்போம். சக இதழின் கட்டுரையாளருக்கும் இந்த அழைப்பு பொருந்தும். அவருக்குக் கூடுதலாக நான்கு பக்கம்.