பவளத்தின் நிறம்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் த்வீப்) எங்களில் மூவர் அண்மையில் ஸ்கூபா கருவியணிந்து கடலுக்குள் இறங்கினோம். பயிற்றுநர் சொன்ன முதல் விதி: மூச்சை அடக்காதீர்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கியபடி மேலேறினால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சடக்கி முத்தெடுத்தோர் கதைகளைப் படித்து வளர்ந்த எங்களுக்கு இது முதல் திருத்தம்.

இரண்டாவது, நிறம் பற்றியது. நீர் முதலில் விழுங்குவது செந்நிற ஒளியை. நண்பரின் சிவப்புக் கைக்கயிறு கீழே கருஞ்சாம்பலாகத் தெரிந்தது. இதழுக்கு உவமையாக நாம் சலிக்காமல் எழுதிவரும் பவளம், நகைக்கெனக் கடைந்த செம்பவளம். எங்கள் முன் இருந்தவையோ மான்கொம்பாகவும் மூளை மடிப்பாகவும் வளர்ந்த, பழுப்பும் பச்சையுமான உயிர்கள். அந்நிறம் பெரும்பாலும் அவற்றின் திசுவில் குடியிருந்து உணவு ஆக்கித்தரும் நுண்பாசிகளுடையது. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. அவை அரைத்துக் கழிக்கும் துகளும் சேர்ந்ததே கரையின் வெண்மணல்.

நெய்தலென ஒரு திணையே வகுத்த மொழி நம்முடையது. எனினும் நம் கடலெழுத்தில் பெரும்பகுதி கரையில் நின்றோ, படகில் அமர்ந்தோ பார்த்தது என்பதே எங்கள் கருத்து. அதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நீர் சூடேறினால் பவள உயிரி தன் பாசிகளை வெளியேற்றி வெளிறுகிறது; சூடு நீடித்தால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இது நிகழ்ந்தது. 1986இல் தேசியப் பூங்காவான அவ்விடத்தின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அத்தீவுகளுக்காக நம் சிற்றிதழ்களில் எத்தனை கவிதைகள் வந்தன?

எல்லோரும் முக்குளிக்க வேண்டும் என்பதல்ல எங்கள் வாதம். அதற்குப் பணம் வேண்டும். தவிர, கவனமற்ற ஓர் உதை பல்லாண்டு வளர்ச்சியை முறித்துவிடும். ஆனால் தூத்துக்குடிச் சங்குகுளிப்பவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்கிறார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சொற்களைக் கேட்டு எழுதிவைப்பதற்குக் காற்று உருளை தேவையில்லை. பெயர் தெரியாதவரின் சாவுக்கு நாம் துக்கம் கேட்கப் போவதில்லை. பார்களுக்கும் அந்நிலை வரவேண்டாம்.