பூக்கட்டிப் பார்த்தால் தெரியுமா?

கல்லூரியில் கடைசி வருடம் வந்துவிட்டால் போதும், கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களுக்கும் கடவுள் ஞாபகம் வந்துவிடும். சி.ஏ. படிப்பதா, வங்கித் தேர்வு எழுதுவதா, கிடைத்த வேலையில் சேர்ந்துவிடுவதா? சிலர் சாமி முன்னால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுக்கிறார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் படிக்கிறார்கள். (நினைத்த பூ வராவிட்டால் மறுபடியும் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு!)

இவர்களுக்கு பக்தி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வியும் அவர்களுடையது, இரண்டு பதில்களும் அவர்களே எழுதியவை. கடவுளுக்கு மிச்சம் வைத்தது ஒன்றைத் தொட்டுக் காட்டும் வேலை மட்டும். மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல அவர் நினைத்தால் எப்படிச் சொல்வார்?

ஐடா ஸ்கடரிடம் கதவைத் தட்டித்தான் சொன்னார் என்று நினைக்கத் தோன்றுகிறது. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்கு, மிஷனரி குடும்பத்தில் பிறந்தும், மிஷனரி ஆகும் எண்ணம் துளியும் இல்லை. உடல்நிலை சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாளில் அமெரிக்கா திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஒரு நாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு இந்து. மூவருடைய மனைவிக்கும் பிரசவ வலி, நிலைமை மோசம். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றார்கள். ஐடாவோ மருத்துவம் படித்தவர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஒரு பெண்ணுக்கு வழிகாட்டுவதற்காகக் கடவுள் மூன்று பெண்களைச் சாக விட்டாரா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அப்படிச் சொல்லிப் பிரசங்கம் செய்பவர்களை நம்பாமல் இருப்பதே நல்லது. அந்தப் பெண்கள் செத்தது ஆண் டாக்டரை வீட்டுக்குள் விடாத வழக்கத்தால், பெண் டாக்டர் இல்லாததால். கடவுளின் கை எங்காவது இருந்தது என்றால், அது மறுநாள் காலையில் அந்த இருபது வயதுப் பெண்ணால் 'நமக்கென்ன' என்று போக முடியாமல் போனதில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அதிகம் சொல்வதில்லை, சுவாரஸ்யம் குறைவு என்பதால் இருக்கலாம். அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான். ஓர் இரவுக்குப் பின்னால் எத்தனை வருடப் பாடப் புத்தகம், எத்தனை வருட நன்கொடை வசூல்!

மதுரை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் கதை இன்னும் விசித்திரம். சின்ன வயதில் அவருடைய உறவுப் பெண்கள் மூன்று பேர் கர்ப்ப காலத்தில் இறந்துபோனார்கள். (இங்கேயும் மூன்று பேர்!) பிரசவ டாக்டராக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மருத்துவப் பட்டமும் வாங்கினார். ஆனால் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்ப்பது முடியாது என்று ஆகிவிட்டது. கண் மருத்துவம் படித்து, அதே விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஐடாவைப் போலவே தெளிவான அழைப்புதான் அவருக்கும் வந்தது. ஆனால் அவர் புரிந்துகொண்ட வழி பாதியிலேயே அடைபட்டது. அந்த இடத்தில் நின்று பூக்கட்டிப் பார்த்திருந்தால் 'கண்' என்ற பொட்டலம் அங்கே இருந்திருக்காது.

எல்லோருக்கும் நள்ளிரவில் கதவு தட்டப்படாது. பி.காம். படிக்கும் ஒருவரிடம் தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஜி.எஸ்.டி. காகிதங்களை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்து பார்த்தால் ஒரு சாயங்காலம் போகும். அடுத்த மாதம் அவர் பக்கத்துக் கடைக்காரரையும் கூட்டி வரலாம், வராமலும் போகலாம்.