தென்கொரியாவைக் கட்டியது யார்?

"பலமான தலைவர் ஒருவர் வந்தால் போதும், நாடு முன்னேறிவிடும்" என்று முதலாளிகளின் பத்திரிகைகள் ஓயாமல் ஓதுகின்றன. அத்தாட்சியாகத் தென்கொரியாவின் ராணுவ சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயைக் காட்டுகின்றன.

1961ல் ஆட்சியைப் பிடித்த பார்க், பாங்குகளைச் சர்க்கார் வசமாக்கினார். 1962ல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கினார். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அஸ்திவாரம் அவர் போட்டதா? வடகொரியாவில் 1946ல் நிலம் விநியோகமாயிற்று. தெற்கிலும் குடியானவர்கள் கொதித்தார்கள். 1950ல் அங்கும் நிலச் சட்டம் அமலுக்கு வந்தது. 3 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஏழரை ஏக்கருக்கு, மேற்பட்ட நிலம் நிலப்பிரபுக்களிடமிருந்து உழுதவன் கைக்கு மாறியது.

தொழில் வளர்ச்சிக்கு விலை கொடுத்தது யார்? சியோல் நகரத் தையற்கூடங்களில் இளம் பெண்கள் நாளுக்கு 14 மணி நேரம் உழைத்தார்கள். 1953ம் வருடத் தொழிலாளர் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. அதை அமல்படுத்தக் கோரி, 1970 நவம்பர் 13ல் 22 வயதுத் தையல் தொழிலாளி ஜியோன் டே-இல் தீக்குளித்து மாண்டார்.

1979ல் பார்க் கொல்லப்பட்டார். தொழில் வளர்ச்சி அவரோடு புதைந்துவிடவில்லை. 1987ல் ஆயிரக்கணக்கான ஆலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வையும் சுதந்திரமான சங்கங்களையும் தொழிலாளர்கள் போராடியே பெற்றார்கள்.

தோழர்களே! தலைவரின் திறமை அற்ப விஷயமல்ல. ஆனால் அத்திறமை எந்த வர்க்கத்துக்கு ஊழியம் செய்கிறது? நிலம் யார் கையில்? சங்கம் வைக்க உரிமை உண்டா? தலைவரை இந்தக் கேள்விகளால் எடைபோடுங்கள்!